கேள்வி – பதில்: பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட அஷிதோ

சென்ற இதழில் ‘அவோ அஷி’ என்னும் ஜப்பானியக் கால்பந்து அனிமேயை (உயிரூட்டச் சித்திரத் தொடரை) பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதன் நாயகனைப் பற்றியும் அவனைப் போலக் கடைசி வரிசையிலிருந்து எழுந்துவரும் பிற ஆட்டக்காரர்களைப் பற்றியும் கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளிக் கால்பந்து அணியில் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவனை, புதிதாக வந்த பயிற்சியாளர் பேக்கில் நிறுத்திவிட்டார். சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவன், இப்போது செல்போனில் ‘அவோ அஷி’யைப் பார்த்துவிட்டு, “அஷிதோவுக்கும் இதே கதைதானுங்கப்பா” என்கிறான். யாருங்க அந்த அஷிதோ? அவன் கதையைச் சொல்லி இவனைத் தேற்றலாமா, அல்லது நான் போய்ப் பயிற்சியாளரிடம் பேசட்டுமா?
– ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்

பதில்: அவன் முழுப்பெயர் அவோய் அஷிதோ. கொபயாஷி யூகோ 2015இல் வரையத் தொடங்கிய மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைத் தொடரின் நாயகன் அவன். 2022 ஏப்ரலில் அக்கதை 24 பகுதிகள் கொண்ட அனிமேயாக வரத் தொடங்கியது. ஷிகோகு தீவில் உள்ள எஹிமே மாகாணத்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்த அஷிதோ, பந்து கிடைத்தால் கோல் அடிப்பது ஒன்றே கால்பந்து என்று நம்பி வளர்ந்தவன். நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில், மேற்படிப்புக்கு வழி திறக்கக்கூடிய ஓர் ஆட்டத்தில், தன் தாயைப் பழித்துப் பேசிய எதிரணிப் பையனைத் தலையால் முட்டிவிட்டு வெளியேற்றப்படுகிறான். அத்தோடு அந்த வழி அடைபட்டுப் போகிறது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபுகுடா தத்சுயா என்பவர், தோக்கியோவின் எஸ்பெரியன் என்னும் கால்பந்துக் கழகத்தில் இளைஞர் அணியின் பயிற்சியாளர். அவர் அஷிதோவைத் தேர்வுக்கு வரச் சொல்கிறார்.

ஃபுகுடா அவனிடம் கண்டது கோல் அடிக்கும் திறமையை அல்ல. யார் காலிலும் இல்லாமல் உதிரும் பந்து எங்கே விழுமோ அங்கே இந்தப் பையன் முன்னதாகவே நின்றுகொண்டிருக்கிறான் என்பதையும், களத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைத் தன்னையறியாமலே மனத்தில் பதித்து வைத்திருக்கிறான் என்பதையும்தான் அவர் கவனித்தார். மேலிருந்து களத்தைப் பார்ப்பது போன்ற அந்தப் பார்வை முன்வரிசையில் பெரும்பாலும் வீணாகிறது. முன்வரிசை ஆட்டக்காரன் எதிரணித் தடுப்பாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்க வேண்டியவன். அவனுக்குப் பின்னால் நடப்பதில் பாதி அவனுக்குத் தெரியாது. ஓர் ஆட்டம் முழுவதிலும் அவன் காலுக்குப் பந்து வருவதும் குறைவு. சைட் பேக் என்று ஜப்பானியர் சொல்லும் பக்கவாட்டுப் பின்வரிசையிலோ, எல்லைக்கோடு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வந்து முட்ட முடியாது; களம் முழுவதும் முகத்துக்கு நேராக விரிந்து கிடக்கும். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் பாயும் ஊர்க்காரரான தங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வயலுக்குள் குனிந்து களை பறிப்பவருக்கு எந்த மடை உடைந்தது என்று தெரியாது, வரப்பில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

இக்காலக் கால்பந்தில் தாக்குதலே பல நேரம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் பிலிப் லாம் உலகின் மிகச் சிறந்த பக்கவாட்டுத் தடுப்பாளர்களில் ஒருவராக இருந்தபோதே, 2013இல் பயேர்ன் மியூனிக் கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்த பெப் குவார்டியோலா அவரை நடுக்களத்துக்கு நகர்த்தி ஆட வைத்தார். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் பின்வரிசையிலும் இருப்பார் என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரிந்த செய்திதான். நம் ஊர்த் திடல்களில் மட்டும், கோல் அடிக்கத் தெரியாதவனையும் குண்டாக இருப்பவனையும் “நீ பேக்ல நில்லு” என்று ஒதுக்கிவிடும் பழக்கம் இன்னும் மாறவில்லை. தங்கள் மகனின் அழுகைக்குக் காரணம் அந்தப் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

அஷிதோவும் அழுதான். இடம் மாறச் சொன்னதும் அவன் ஃபுகுடாவிடம் மன்றாடுவதும், பிறகு தனியே உடைந்துபோவதும் தொடரின் மிகக் கனமான பகுதிகள்; அவற்றை அவசரமாகக் கடந்து போகாமல், அந்த வலி ஆறுவதற்கு உரிய காலத்தைக் கதாசிரியர் கொடுத்திருக்கிறார். ஆகவே தாராளமாக மகனோடு உட்கார்ந்து பாருங்கள். நள்ளிரவைத் தாண்டாமல் பார்த்தால் போதும். பயிற்சியாளரிடமும் போகலாம், ஆனால் “ஏன் மாற்றினீர்கள்” என்று கேட்பதற்காக அல்ல. “என் பையனிடம் என்ன பார்த்தீர்கள்” என்று கேளுங்கள். பதில் வந்தால் அதை மகனிடம் சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறைக்காகத்தான் நிறுத்தினேன் என்று அவர் சொன்னால், மீண்டும் முன்வரிசைக்கு முயல்வதற்கு உங்கள் மகனுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியை. அஷிதோவை எஹிமேயில் பார்த்த அன்றே அவனைப் பின்வரிசைக்கு மாற்றுவதென ஃபுகுடா முடிவு செய்துவிடுகிறார்; ஆனால் நெடுங்காலம் அதை அவனிடம் சொல்வதில்லை. மாணவர்கள் இவரைப் பெரிய குருவாகக் கொண்டாடுகிறார்கள். தங்கள் கருத்து?
– ஓர் ஆசிரியை, பல்லடம்

பதில்: அந்த இடத்தில் எனக்கு ஃபுகுடாவோடு உடன்பாடில்லை, அம்மா. விடையை ஊட்டாமல் மாணவனையே தேட வைப்பது அவருடைய முறை. அது நல்ல முறையும்கூட. அடைய வேண்டிய இடத்தையே மறைத்து வைப்பது வேறு. பதினைந்து வயதுப் பையன் ஊரையும் தாயையும் விட்டு, தாய் எழுதிக் கொடுத்த கடிதத்தை வழியில் படித்து அழுதுகொண்டே தலைநகருக்கு வந்திருக்கிறான். உலகின் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரனாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் வந்திருக்கிறான். அந்த எண்ணம் நிறைவேறப் போவதில்லை என்பதை அழைத்து வந்தவர் மட்டும் அறிந்திருப்பது நியாயமாகப் படவில்லை. கதை வெற்றியில் போய் முடிவதால் தொடர் அவரை எளிதாக மன்னித்துவிடுகிறது. நம் பள்ளிகளில் அப்படி மாற்றப்படும் எல்லாருக்கும் அந்த முடிவு கிடைப்பதில்லை.

ஆனால் அவருடைய முறையில் தாங்கள் எடுத்துக்கொள்ளத் தக்க ஒரு பகுதி உண்டு. வட்டமாக நிற்பவர்கள் ஓரிரு தொடுதலில் பந்தை மாற்றிக்கொள்ள, நடுவில் இருப்பவர் அதைப் பறிக்க முயலும் பயிற்சியைத் தங்கள் மாணவர்களும் செய்திருப்பார்கள். சிறு வயது முதல் கழகத்திலேயே வளர்ந்த பையன்களுக்கு அது மூச்சு விடுவதைப் போல இயல்பானது. அஷிதோ சேர்ந்ததும் வட்டம் குலைகிறது: பந்து அவன் காலில் பட்டுத் துள்ளி ஓடுகிறது, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய திசைக்கு அவன் உடல் திரும்பவில்லை, மற்றவர்கள் எரிச்சலடைகிறார்கள். அவனுக்குக் குறைந்தது திறமையன்று, அடிப்படைப் பாடம். பந்தை நிறுத்துவதையும் உதைப்பதையும் முறைப்படி அவனுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. பந்து வந்து சேர்வதற்கு முன்பே கழுத்தைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்துவிட வேண்டும் என்பதும், நிறுத்தும் முதல் தொடுதலிலேயே அடுத்த உதைக்கான இடத்தில் பந்தை வைத்துவிட வேண்டும் என்பதும் அவன் தானாகவே கண்டடையும் பாடங்கள். “இன்று என்ன செய்தாய், ஏன் செய்தாய்” என்பதை வாயால் சொல்ல வைக்கும் பழக்கமும் அங்கே உண்டு. இதற்குச் செலவு ஏதுமில்லை. திடலில் புல் முளைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: ஐயா, அஷிதோவை எளியவன் என்று எல்லாரும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பிறவியிலேயே களம் முழுவதும் தெரிகிற கண் அவனுக்கு இருக்கிறது. அது வரம் வாங்கி வந்தவன் கதை. ‘டேஸ்’ தொடரின் சுகுஷிக்கு ஒரு திறமையும் கிடையாது; அவன்தானே உண்மையான எளியவன்?
– கல்லூரி மாணவர், தாராபுரம்

பதில்: நல்ல சண்டையைத் தொடங்கி வைத்திருக்கிறீர்கள், தம்பி. அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ‘டேஸ்’ யசுதா சுயோஷியின் மங்கா, 2016இல் மாப்பா நிறுவனம் அதை அனிமேயாக்கியது. சுகமோதோ சுகுஷி உடல் சிறுத்தவன், பிறரால் சீண்டப்படுபவன், பந்தை முறையாக உதைத்தறியாதவன். கசாமா ஜின் என்னும் அசாத்தியத் திறமைசாலி ஒருநாள் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டதால் ஆட வந்து, பிறகு வலிமை மிக்க செய்செகி உயர்நிலைப் பள்ளி அணியில் சேர்ந்துவிடுகிறான். சுகுஷிக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுவது ஒன்றுதான். கால் தள்ளாடும்வரை ஓடுவான். மறுநாளும் வந்து ஓடுவான்.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. இருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் எளியவன் என்றால் திறமையே இல்லாதவன் என்று பொருள் கொள்வதை நான் ஏற்கமாட்டேன். தன்னிடம் இருப்பது இன்னதென்று தானும் அறியாமல், அறியக்கூடியவர் கண்ணிலும் படாமல் கிடப்பவனே எளியவன். எஹிமேயிலேயே இருந்திருந்தால் அஷிதோவின் கண்ணால் அவனுக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது; அவசரக்காரன், சுயநலக்காரன், நடுவரிடம் அட்டை வாங்கியவன் என்ற பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும். சுகுஷியிடமும் ஒன்று இருக்கிறது. ஒருவன் பயனில்லாத இடத்துக்கும் சளைக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், தடுப்பாளர்களில் ஒருவராவது அவன் பின்னால் போயே ஆக வேண்டும்; அப்போது வேறொருவருக்கு இடம் திறக்கும். பந்தைத் தொடாமலே அணிக்கு உதவும் இந்த ஓட்டம் பயிற்சியாளர்கள் பெரிதும் மதிக்கும் ஒன்று. ஆக அவனும் வெறுங்கையோடு வரவில்லை.

‘டேஸ்’ மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சுகுஷியின் உழைப்பைப் பார்த்துச் சுற்றியிருப்பவர்கள் நெகிழ்வதை அது அளவுக்கு மேல் காட்டுகிறது. நெகிழ்வு கூடக் கூட ஆட்டம் மங்குகிறது. ‘அவோ அஷி’யில் அஷிதோவின் கண்ணீரைக் கண்டு இரங்குபவர் குறைவு, அவன் கொடுத்த பந்து சரியான காலுக்குப் போனதா என்று பார்ப்பவர்களே அதிகம். அதனால்தான் எனக்கு அது ஒரு படி மேலாகத் தெரிகிறது.

கேள்வி: ‘புளூ லாக்’ அனிமேயின் நாயகன் இசாகியும் 300 பேரில் 299ஆம் இடம்தானே? அவனையும் இந்த வரிசையில் சேர்ப்பீர்களா?
– பள்ளி மாணவர், ஈரோடு

பதில்: எண்ணைப் பார்த்தால் சேர்க்கலாம், குணத்தைப் பார்த்தால் தயங்க வேண்டியிருக்கிறது. 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியத்திடம் 2–0 என முன்னிலை பெற்றும், கடைசி நிமிடத்தில் வாங்கிய கோலால் 2–3 என ஜப்பான் தோற்றது உண்மை நிகழ்ச்சி. அந்த உலகக் கோப்பைத் தோல்விக்குப் பின், தன்னலம் மிக்க ஒரே ஒரு கோல் வேட்டைக்காரனை உருவாக்குவதற்காக 300 இளைஞர்களை ஒரே கூரையின் கீழ் அடைப்பதாக அக்கதை போகிறது. இசாகி யோயிச்சி அங்கே வரக் காரணமே, தானே உதைத்திருக்க வேண்டிய பந்தைத் தோழனுக்குக் கொடுத்துத் தோற்றுப்போனதுதான். முதல் சோதனையில், பக்கத்திலேயே அடிபட்டுக் கிடக்கும் 300ஆம் இடத்துக்காரனைப் பந்தால் அடித்து வெளியேற்றிவிட்டுத் தான் தப்பித்திருக்கலாம்; அதை விட்டுவிட்டு, அறையிலேயே சிறந்தவனான கிராவைக் குறிவைக்கிறான். அந்த ஒரு காட்சிக்காக அவனை மதிக்கிறேன். வேகமோ பலமோ அவனுக்கு இல்லை, அஷிதோவைப் போலக் களத்தைப் படிக்கிற கண் உண்டு. வேறுபாடு என்னவென்றால், ஒரே கண்ணை வைத்துக்கொண்டு இசாகி தனக்கான கோலைத் தேடுகிறான், அஷிதோ பிறருக்கான வழியைத் தேடக் கற்றுக்கொள்கிறான். எது உயர்ந்தது என்று உங்கள் அணித் தலைவரிடம் கேட்காதீர்கள். அவர் ஃபார்வர்டாக இருந்தால் பதில் வேறாக இருக்கும்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு இப்படிக் கதை இல்லையா?
– ஒரு மாணவி, உடுமலைப்பேட்டை

பதில்: இருக்கிறது, அம்மிணி. அரகாவா நவோஷியின் ‘சயோனாரா வதாஷி நோ கிராமர்’ 2021இல் அனிமேயாக வந்தது. அதே ஆண்டு வந்த அதன் திரைப்படத்தை முதலில் பாருங்கள். ஒந்தா நொசோமி பையன்கள் அணியில் பயிற்சி செய்பவள். திறமையில் அவர்களுக்குக் குறைந்தவள் அல்லள். ஆனால் பையன்களின் உடல் வளர்ந்துகொண்டே போக, அடிபடுவாள் என்று அஞ்சிப் பயிற்சியாளர் அவளை ஆட்டத்தில் இறக்க மறுக்கிறார். அவர் கெட்டவரும் அல்லர் என்பதுதான் கதையை அழுத்தமாக்குகிறது. ஜப்பானின் ஆண்கள் அணி இன்றுவரை தொடாத உலகக் கோப்பையை அந்நாட்டுப் பெண்கள் 2011இல் அமெரிக்காவை வென்று கையில் எடுத்துவிட்டார்கள் என்பதை உங்கள் வகுப்புப் பையன்களிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: இதெல்லாம் படத்தில் நடக்கும். கழகம் தள்ளிவிட்டவனோ, நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டவனோ உண்மையில் மேலே வந்ததுண்டா? நம்ம பக்கத்தில் ஏதாவது?
– விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

பதில்: உண்டு; அதுவும் அஷிதோவின் எஹிமேயிலேயே உண்டு. நாகதோமோ யூதோ அம்மாகாணத்தின் சாய்ஜோ நகரத்தைச் சேர்ந்தவர். உள்ளூர்க் கழகமான எஹிமே எஃப்.சி.யின் சிறுவர் அணித் தேர்வில் தோற்றவர். உயரம் 170 சென்டிமீட்டர்தான். மெய்ஜி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் நடுக்களத்திலிருந்து பக்கவாட்டுப் பின்வரிசைக்கு மாற்றப்பட்டார். காயத்தால் ஆட முடியாத நாட்களில் பார்வையாளர் பகுதியில் நின்று தன் அணிக்காக மேளம் அடித்துக்கொண்டிருந்தவர், 2011இல் இத்தாலியின் இன்டர் மிலானில் சேர்ந்தார். 2010 முதல் 2022 வரை நான்கு உலகக் கோப்பைகளில் ஆடினார். ஹோண்டா கெய்சுகே காம்பா ஒசாகாவின் சிறுவர் அணியில் இருந்து இளைஞர் அணிக்கு உயர்த்தப்படாமல் வெளியே வந்தவர். பள்ளி அணி வழியாக வளர்ந்து மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடித்தார். நகமுரா ஷுன்சுகேயின் கதையும் ஏறத்தாழ அதுவே.

நம் பக்கத்தைக் கேட்டீர்கள். கோவை நேரு விளையாட்டரங்கத்தை உள்ளூர்த் திடலாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2017–18 ஐ-லீக் என்னும் தேசியக் கால்பந்துத் தொடரில் பத்து அணிகளில் எட்டாவதாக வந்த அணி. அடுத்த பருவத்தில் அதே அணி கடைசி நாள்வரை பட்டத்துக்காகப் போராடியது. 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை வென்றால் பட்டம்; தவறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை பதில் கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தவர் என்பதால் அதில் வியப்பில்லை. வெற்றிக்கான மற்ற இரண்டு கோல்களையும் அடித்தவர் கௌரவ் போரா, கோல் அடிப்பதற்கென்று முன்வரிசையில் நிறுத்தப்பட்டவர் அல்லர். 3–1, மொத்தம் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலும் அன்று வென்றுதான் இருந்தது, அதற்கு 42. சோமனூரிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்தில் நடந்த இந்த ஆட்டத்தைத் தவறவிட்டிருந்தால், அதற்கு நான் பொறுப்பல்ல.

கேள்வி: கால்பந்து அனிமேக்களில் தங்களுக்கு மிகப் பிடித்த எளிய ஆட்டக்காரன் யார்? ஒரே பெயர்.
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இஷிசாகி ரியோ. தகஹாஷி யோயிச்சி 1981இல் தொடங்கிய ‘கேப்டன் சுபாசா’வில், பொதுக் குளியலகம் நடத்தும் வீட்டுப் பிள்ளை. சுற்றிலும் வானத்தில் பறந்து உதைக்கும் மேதைகள் இருக்க, இவனுக்கு வாய்த்த ஒரே உத்தி, வருகிற பந்தை முகத்தால் தடுப்பது. சில நேரம் அது தன் கோலுக்குள்ளேயே போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தேசிய அணிவரை போகிறான். தோக்கியோவின் யொத்சுகி பகுதியில் அத்தொடரின் நாயகர்களுக்கு வெண்கலச் சிலைகள் வைத்தபோது, இஷிசாகியையும் விட்டுவிடவில்லை.